கொர்னேலி போட்ட மார்க்

பொழித்துறைக் கடற்கரையில் மீன் ஏலம் விடுகிற கொர்னேலி, குமரி கடற்கழுகுகள் அணி அந்த வருஷம் புதிதாக எடுத்த எட்டு ஆட்டக்காரர்களைப் பற்றி ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மைக்கில் பேசிய பேச்சு, அந்த எட்டுப் பேர் இருந்த இடத்திலும் அவரவர் பாஷையில், அவளுடைய அதே கரகரத்த குரலில் கேட்டது என்பது ஊருக்குத் தெரியவந்தது திங்கட்கிழமை காலையில்தான், அதுவும் மலப்புறத்திலிருந்து ராத்திரி பஸ் பிடித்து வந்து சேர்ந்த ஒருவன், ஏலக்கூடத்தில் சாளைக் குவியலுக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்று, "எனக்கு அஞ்சு மார்க் போட்டது யாரு?" என்று கேட்ட பிறகுதான்.

கொர்னேலிக்கு அப்போது நாற்பத்தொரு வயது. அவள் ஏலம் கூவினால் ஆறு கடலில் சேருகிற பொழிக்கு அந்தப் பக்கத்து ஊரில் தொட்டில் பிள்ளைகள் விழித்துக்கொள்ளும் என்பார்கள். ஒரு மீனைக் கையால் தொடாமலே, அது எந்த நேரம் வலையில் பட்டது, எவ்வளவு நேரம் ஐஸில் கிடந்தது என்று சொல்லிவிடுவாள். பந்தை ஒரு நாளும் காலால் தொட்டதில்லை. ஆனால் ஏழு வயது முதல் பார்க்காத ஆட்டம் இல்லை. திருவிழாக் கொடி இறங்கும் முன்பே கால்பந்து இறுதி ஆட்டத்துக்கு இடம்பிடிக்க ஓடுகிற அந்த ஊரில், அது ஒன்றும் பெரிய விஷயமும் இல்லை. ஆறு வருஷமாகக் கடைசி இடத்திலேயே இருந்துவந்த கடற்கழுகுகளுக்காக அந்த ஊர் ஆறு வருஷமாக அழுதுகொண்டிருந்தது. ஆண்டுதோறும் பெங்களூரில் ஒரு பெரிய ஓட்டலில் அணிகள் வரிசைப்படி ஆளுக்கொருவராக ஆட்டக்காரர்களைப் பொறுக்கி எடுக்கும் நாள் வரும். டிராஃப்ட் என்று அதற்குப் பெயர். வாசகசாலை டிவியில் ஊரே அதைப் பார்த்து முடித்ததும், கொர்னேலி மைக்கைப் பிடித்து, எடுத்த ஆட்களுக்கெல்லாம் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரிய பேர்பெற்ற ஆட்டக்காரரை, "கண்ணு தெளிஞ்சிருக்கு, செவுளு செத்துப்போச்சு, ரெண்டு நாளு ஐஸ்ல கெடந்த மீனு" என்று அவள் சொன்னாள். அவர் அந்த வருஷம் முழுவதும் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் மைக்கைத் தொட்டால் ஊரில் குழந்தைகூட இருமாது.

அந்தச் சனிக்கிழமையும் அப்படித்தான் பேசினாள்.

"மொதல்ல எடுத்தது மலப்புறத்து ஜஷீரு. வலது விங்கு. ஓட்டம் உண்டு, இல்லேன்னு நான் சொல்லல. ஆனா இடது காலு அவனுக்கு சட்டைப்பையில குத்தின பேனா மாதிரி. அழகுக்குத்தான் இருக்கு, எழுதாது. பத்துக்கு அஞ்சு. ரெண்டாவது கோவாக்காரன் அனாக்லெத்தோ. கோலடிப்பான். ஆனா கோலடிச்ச பொறவு அவன் ஆடுத டான்ஸு முடியுததுக்குள்ள எதிராளி திருப்பி ஒண்ணு அடிச்சிருவான். ஆறு. மூணாவது மிசோரத்து ராம்சாங்கா, பேக்கு, பின்னால நின்னு தடுக்குதவன். சொவரு மாதிரி நிப்பான். ஆனா திரும்பச் சொன்னா, பொழிக்குள்ள பெரிய விசைப்போட்டு திரும்புத மாதிரி திரும்புவான். நாலு."

இப்படியே ஏழு பேரையும் அலசிக் காயப்போட்டுவிட்டு, எட்டாவது பெயருக்கு வந்தாள்.

"கடேசி, இருளப்பன். கோலி. கோல் காக்குத ஆளு, கமுதிப் பக்கம். இந்த ஆளை நான் பாத்ததில்ல. ஒரு ஆட்டம்கூட பாத்ததில்ல. பாக்காத மீனுக்கு நான் வெல சொல்லமாட்டேன். மார்க் இல்ல." என்று சொல்லி மைக்கை அணைத்துவிட்டு, குழம்புக்குப் புளி கரைக்க வீட்டுக்குப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை வந்து நின்ற ஜஷீர் சொன்னான்: சனிக்கிழமை சாயங்காலம் அவன் வீட்டில் எல்லோரும் முற்றத்தில் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தபோது, பலா மரத்தின் உச்சியிலிருந்து ஒரு பொம்பளைக் குரல், நல்ல மலப்புறத்து மலையாளத்தில், அவனுடைய இடது காலைப் பேனா என்று சொன்னது, பெற்ற தாயே சாயா புரையேறிச் சிரித்தாள், அக்கம்பக்கத்தில் அன்றிலிருந்து அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, 'பேனா' என்றே கூப்பிடுகிறார்கள்.

ஏலக்கூடத்தில் நின்றவர்கள் இதைக் கேட்டு மூக்கில் விரல் வைக்கவில்லை. "இவளுக்கத் தொண்டைக்கு மலப்புறம் என்ன பெரிய தூரமா" என்றாள் கருவாட்டுக்கார செசிலி. மைக் செட் வைத்திருந்த செலஸ்டின் மட்டும் போய்க் குழாய் ஸ்பீக்கரைக் கழற்றிப் பார்த்துவிட்டு வந்து, போன மாதம் அதன் காயிலை மாற்றியதாகவும், இனிமேல் கல்யாண வீட்டுக்காரர்கள் யாரும் சத்தம் போதவில்லை என்று குறை சொல்ல முடியாது என்றும் சொன்னான். பிறகு எல்லோருக்கும் ஞாபகம் வந்தது ஒரே ஒரு கேள்விதான். "மக்கா, நீ வல்லதும் சாப்பிட்டியா?"

ஜஷீர் சாப்பிடவில்லை. அவனை உட்காரவைத்து மரச்சீனிக் கிழங்கும் அயிலைக் குழம்பும் போட்டார்கள். அவன் கோபத்தை விடாமல் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டான். கையைக் கழுவியதும் கொர்னேலி ஒரு பந்தை அவன் முன்னால் உருட்டிவிட்டாள்.

"இடது காலு எழுதும்னு சொல்லுதேல்லா? எழுது, பாப்போம்."

அவன் இடது காலால் அடித்த அடியில் பந்து ஏலக்கூடத்தின் தகரக் கூரைக்கும் ஐஸ் பிளான்ட் சுவருக்கும் நடுவில் வளைந்து போய், தெருமுனையில் வண்டியில் வைத்திருந்த ஐஸ்பெட்டியின் மூடியைத் தட்டிச் சாத்தியது. கொர்னேலியின் முகம் சுருங்கி, பிறகு விரிந்தது. "நான் பாத்த மூணு ஆட்டத்திலயும் இதை எங்க ஒளிச்சு வச்சிருந்த, எடே? ஏழு!" என்று கத்தினாள். பரீட்சைப் பேப்பரைத் திருத்தித் திரும்ப வாங்குவதைப் போல, ஊர் அதற்கு அன்றைக்கே மறுமதிப்பீடு என்று பெயர் வைத்துவிட்டது.

பிறகு அவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். செவ்வாய்க்கிழமை அனாக்லெத்தோ தன் அம்மா சவரினாவோடு வந்தான். அந்த அம்மாள் பஸ்ஸைவிட்டு இறங்கும்போதே குடையைச் சுருட்டி நீட்டியபடி, அந்த டான்ஸைச் சொல்லிக்கொடுத்தது தான்தான் என்றும், குறை சொல்வதென்றால் தன்னிடம் சொல்லட்டும் என்றும் கொங்கணியில் முழங்கினாள். பாஷை யாருக்கும் தெரியாவிட்டாலும் குடை எல்லோருக்கும் புரிந்தது. கூடத்தின் நடுவிலேயே அந்த டான்ஸை அவள் முழுதாக ஆடிக் காட்டினாள். செசிலி கூடச் சேர்ந்து ஆட, அவளுக்குப் பின்னால் பதினாலு பெண்கள் மீன்கூடையோடு ஆட, கொர்னேலி முழுசாகப் பார்த்துவிட்டு, "டான்ஸு பத்துக்குப் பத்து. கோலு ஆறுதான்" என்று சொல்லிவிட்டாள்.

மூன்று நாள் ரயிலிலும் ஒரு ராத்திரி பஸ்ஸிலும் வந்து வியாழக்கிழமை இறங்கிய ராம்சாங்கா, கோபமே இல்லாத மனுஷன். ஒரு மூட்டை இஞ்சியும், அவள் சொன்னதையெல்லாம் ஒரு வரி விடாமல் எழுதிய ஒரு தாளும் கொண்டுவந்திருந்தான். குஜராத் துறைமுகத்தில் பத்து வருஷம் போட்டில் போன மிக்கேலுக்கு இந்தி தெரியும். அவன் மொழிபெயர்த்தான்.

"மெதுவாத்தான் திரும்புவேன்னு ஒத்துக்கிடுதான். ஆனா, எனக்குப் பின்னால யாரும் போனதில்ல, பொறவு நான் எதுக்குத் திரும்பணும்னு கேக்கான்."

ஊர்ப் பையன்கள் பதினோரு பேர் பந்தோடு அவனைத் தாண்டிப் பார்த்தார்கள். ஒருவனும் தாண்டவில்லை. கொர்னேலி அந்தத் தாளை அவன் கையிலிருந்து வாங்கி, நாலு என்றிருந்ததை அடித்து எட்டு என்று தன் கையாலேயே எழுதிக்கொடுத்தாள். அவன் அதை மடித்து, ஜெபமாலை வைக்கிற மாதிரி மேல்பையில் வைத்துக்கொண்டான். தான் தப்பு என்று ஒத்துக்கொள்வதில் இவ்வளவு கிறுகிறுப்பு இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. அன்று முழுக்க ஏலத்தில் எண்களைப் பாட்டாகவே பாடினாள்.

வெள்ளிக்கிழமைக்குள் ஏழு பேரும் வந்துவிட்டார்கள். அவர்களை யார் வீட்டில் வைத்துக்கொள்வது என்பதில் ஊர் இரண்டுபடும் போலிருந்தது. கோயில் பங்கில் தெருவாரியாகக் கூடி ஜெபம் சொல்கிற குழுக்கள், அன்பியங்கள், ஏழு இருந்தன. ஏழுக்கும் ஜஷீர்தான் வேண்டும். பங்குச்சாமியார் ஃபாதர் வின்சலாஸ் யோசித்துப் பார்த்துவிட்டு, பெங்களூரில் நடந்த மாதிரி இங்கேயும் ஒரு டிராஃப்ட் நடத்திவிடலாம் என்றார். சீட்டு குலுக்கி வரிசை போட்டார்கள். கொர்னேலி கூவினாள். முதல் வாய்ப்பு கிடைத்த அந்தோனியார் தெரு அன்பியம், ஐந்து நிமிஷம் தலையோடு தலை முட்டிப் பேசிவிட்டு, ஆட்டக்காரர்கள் ஒருவரையும் எடுக்காமல் சவரினாம்மாவை எடுத்தது. கூடம் அதிர்ந்தது. மறுநாள் காலைப் பூசையில் ஃபாதர், சுவிசேஷத்தை வாசித்து முடித்த கையோடு ஒவ்வொரு அன்பியத்தின் தேர்வையும் அலசி, அந்தோனியார் தெருவுக்கு ஒன்பது மார்க் போட்டார்.

அந்த நாட்களில் பொழித்துறையில் எல்லாம் கொஞ்சம் இடம் மாறிக் கிடந்தது. இஞ்சி போடாத சாயா இல்லாமல் போயிற்று. கடலுக்குப் போகிறவர்கள் ஆட்டக்காரர்கள் ஓடுகிற நேரம் பார்த்து வள்ளம் இறக்கினார்கள். வலை பின்னுகிறவர்கள் வலையைப் பாதியில் விட்டுவிட்டுக் கோல் வலை பின்னினார்கள். செசிலி மைக்கைப் பிடித்து, மஸ்கட்டில் இருக்கிற புருஷனை ஒரு மணி நேரம் திட்டிப் பார்த்தாள். பிறகு போன் போட்டுக் கேட்டதற்கு அவர் ஒன்றும் கேட்கவில்லை என்று சொன்னார். "கேட்டிருந்தாலும் அப்படித்தான் சொல்லுவாரு" என்று பெண்கள் சொல்லிவிட்டதால், அந்தச் சோதனையின் முடிவு கடைசிவரை தெரியவில்லை. கொர்னேலி மட்டும் மைக் பக்கமே போகவில்லை. குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று வீட்டுக்குள் முணுமுணுக்கக்கூட அவளுக்குப் பயமாக இருந்தது.

ஆனால் நாகர்கோவிலில் கடற்கழுகுகளின் பயிற்சி முகாம் புதன்கிழமையே ஆரம்பித்திருந்தது. அங்கே புது ஆள் ஒருவரும் போய்ச் சேரவில்லை. கோச் துரைக்கண்ணு, வட சென்னைக்காரர், முதலில் போனில் கெஞ்சினார், பிறகு கத்தினார், கடைசியில் சனிக்கிழமை மத்தியானம் தானே வருவதாகவும், ஒப்பந்தத்தை ரத்து செய்கிற எட்டுக் கடிதங்களும் கையெழுத்துப் போட்டுத் தன் பையில் இருப்பதாகவும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். ஊர் சிரிப்பதை நிறுத்தியது அப்போதுதான். எட்டுத் தாய்மார்களின் பிள்ளைகளுடைய பிழைப்பைத் தன் நாக்கு கெடுத்துவிட்டது என்று கொர்னேலி தன்னையே திட்டிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை ஏலத்தில், மீன் எடுக்க வந்தவர்களுக்குப் பின்னால் ஒல்லியாக, உயரமாக ஒருவன் நின்றான். நகக்கண்களில் கரி. நெடுநேரமாக நிற்கிறான் என்று பார்த்த கொர்னேலி கேட்டாள்.

"ஒனக்கு என்ன மீனுப்பா வேணும்?"

"மீனு வேணாங்க. என்னையப் பாக்கணும்."

"யாரப் பாக்கணும்?"

"நீங்க என்னையப் பாக்கணுங்க. பாத்ததில்லேன்னு சொன்னீங்கள்ல. நாந்தேன் இருளப்பன்."

கமுதிப் பக்கத்தில் கருவேல மரத்தை வெட்டி, அடுக்கி, மண் பூசி மூட்டம் போட்டுக் கரி சுடுகிற ஆட்கள் அவர்கள். அந்தச் சனிக்கிழமை மூட்டத்தின் புகை வழியாக அவள் குரல் வந்ததாம். கூட இருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்களாம். கேட்டுவிட்டு, "யாருமே பாக்காத ஆளை எதுக்குடா எடுத்தாய்ங்க?" என்று கேட்டார்களாம். அவன் உடனே கிளம்ப நினைத்தான். ஆனால் மூட்டத்தை நடுவில் விட்டுவிட்டு வந்தால் காற்றுப் புகுந்து எல்லாம் சாம்பலாகிவிடும். ஆறு நாள் எரித்து, அவித்து, பிரித்துக் கொடுத்துவிட்டு, அப்படியே பஸ் ஏறி வந்திருக்கிறான். மற்ற ஏழு பேருக்கும் அவளிடம் ஒரு வழக்கு இருந்தது. இவனுக்கு ஒரு வேண்டுதல் இருந்தது.

மத்தியானம் கோச் வந்து இறங்கினார். கோபத்தில் அவர் மீசை துடித்துக்கொண்டிருந்தது.

"இன்னாம்மா நென்ச்சினுகீற? நா அங்க காலி கிரவுண்டுல விசில் ஊதினு கீறேன், நீ இங்க மார்க் போட்டுனுகீறியா?"

"தப்புதான் சார்," என்றாள் கொர்னேலி. "ஆனா ஒரே ஒரு ஆட்டம் பாத்துட்டுப் போங்க. பொறவு ஒங்க இஷ்டம்."

பொழிக்கரை மைதானத்தில் ஆட்டம் நடந்தது. புது ஆட்கள் எட்டுப் பேரும், துணைக்கு உள்ளூர்க்காரர் மூன்று பேரும் ஒரு பக்கம். ஊர் அணி மறுபக்கம். அந்த ஒரு சில நாளில் ஒன்றாகக் கிழங்கு தின்று, ஒன்றாகத் திட்டு வாங்கி, ஒன்றாக மணலில் ஓடிய அந்த ஏழு பேரும், ஒரே உடம்பின் கைகால்களைப் போல ஆடினார்கள். பேனா என்று சொல்லப்பட்ட கால் நாலு கோலுக்கு வழி எழுதியது. சுவர் திரும்பவேயில்லை, திரும்ப வேண்டியிருக்கவில்லை. ஒன்பதுக்குப் பூஜ்யம். கோச் ஆறாவது கோலிலேயே கோபத்தை மறந்து துள்ள ஆரம்பித்தவர், ஆட்டம் முடிந்ததும் பையைத் திறந்து ஏழு கடிதங்களைக் கிழித்துக் காற்றில் விட்டார். எட்டாவது அவர் கையிலேயே இருந்தது.

"கோலி?" என்று கேட்டாள் கொர்னேலி.

"அவனான்ட பந்தே போவல. நா இன்னாத்த பாக்கறது?"

அது உண்மை. தொண்ணூறு நிமிஷமும் இருளப்பன் இரண்டு கம்பத்துக்கு நடுவில் குனிந்து, தயாராக, தனியாக நின்றான். பந்து ஒரு தடவைகூட வரவில்லை. எல்லோரும் பார்க்கிற மைதானத்தில் நின்றும் அவனை யாரும் பார்க்கவில்லை.

"பொறவு எதுக்கு சார் இவனை எடுத்திய?"

கோச் தலையைச் சொறிந்தார். "லிஸ்ட்ல கடைசி பேரு. அஞ்சு செகண்டு தான் பாக்கி. கை பட்டுச்சு. அவ்ளோதான்."

இருளப்பன் அதைக் கேட்டான். கையுறையைக் கழற்ற ஆரம்பித்தான்.

"கழத்தாத!" என்று கொர்னேலி போட்ட சத்தத்தில் பொழியில் நின்ற கொக்குகள் எழும்பின. "நான் இன்னும் பாக்கல. எல்லாரும் வாங்க. எல்லாரும் அடிங்க. மிக்கேலண்ணா, நீரு மொதல்ல!"

மிக்கேல் அடித்தான். இருளப்பன் பாய்ந்து பிடித்தான். அடுத்து ஊர் அணிக்காரர்கள் ஒவ்வொருவராக அடித்தார்கள். பிடித்தான், தட்டினான், குத்தினான், காலால் தடுத்தான். அவர்களுக்குப் பின்னால், நற்கருணை வாங்கப் போகிற வரிசை மாதிரி, ஊர் வரிசையாக நின்றது. ஐஸ் பிளான்ட்காரர்கள் அடித்தார்கள், வலைக்காரர்கள் அடித்தார்கள், சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு கருவாட்டுக்காரிகள் அடித்தார்கள், கான்வென்ட் சிஸ்டர்கள் மூன்று பேர் சிலுவை போட்டுவிட்டு அடித்தார்கள், ஃபாதர் அங்கியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து அடித்து, கால் வழுக்கி உட்கார்ந்தார். ஜஷீர் இடது காலால் அடித்தான். அதையும் பிடித்தான். சவரினாம்மா அடிக்க வந்தபோது மட்டும், பெரியவர்களுக்குக் கும்பிடு போடாமல் இருக்கக் கூடாது என்று இருளப்பன் கையெடுத்த நேரம் பார்த்து அவள் உருட்டிவிட்டாள். பந்து உள்ளே போனது. பிறகு அவள் ஆடிய ஆட்டத்துக்காக வரிசை பத்து நிமிஷம் காத்திருந்தது. கோச் பொறுக்க முடியாமல் ஷூவைக் கழற்றிவிட்டு வந்து மூன்று தடவை அடித்தார். மூன்றாவதை இருளப்பன் ஒரு விரல் நுனியால் கம்பத்துக்கு மேலே தள்ளிவிட்டதும், அப்படியே மணலில் உட்கார்ந்து, கெட்ட வார்த்தையில் கடவுளுக்கு நன்றி சொன்னார்.

முந்நூற்றுப் பன்னிரண்டு அடி. ஒரு கோல். வெயில் சாய்ந்து, பொழித் தண்ணீர் செம்பாகியிருந்தது.

"கொர்னேலி, மார்க்?" என்று கேட்டது ஊர்.

அவள் அவன் பக்கத்தில் போய் நின்று, மீனைப் பார்க்கிற மாதிரி அவனைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். "பந்து மூஞ்சிக்கு நேரா வந்தா எல்லாக் கோலியும் ஒரு நிமிசம் கண்ணை மூடுவான். இவன் மூடல. நான் எண்ணிப் பாத்தேன். ஒரு தடவைகூட மூடல. ஒம்பது."

கோச் எட்டாவது கடிதத்தைக் கிழித்தார். ஊர் எழுப்பிய கூச்சலில் இருளப்பன் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு கையை எடுத்து, பந்தைக் கொர்னேலியின் காலடிக்கு உருட்டிவிட்டான்.

"ஊரே அடிச்சிருச்சு. நீங்க அடிக்கலையேக்கா."

கொர்னேலி பின்வாங்கப் பார்த்தாள். பின்னால் முந்நூறு பேர் நின்றார்கள். செருப்பைக் கழற்றினாள். ஓடிவந்து அடித்தாள். பந்து மணலில் தயங்கித் தயங்கி, வழி கேட்டுக்கொண்டு போவது மாதிரி உருண்டு போனது. இருளப்பன் அதற்கும் முழு நீளத்துக்குப் பாய்ந்து, இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தான்.

எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னான். "பெருவெரலால குத்துறீங்க. கண்ணையும் மூடிட்டீங்க. மூணு மார்க்."

"மூணா?" என்றாள் கொர்னேலி. அவளுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. மிசோரத்திலிருந்து மூன்று நாள் ரயிலில் வர ஒருவனுக்கு எங்கிருந்து தெம்பு வந்தது என்று அந்த நொடியில் அவளுக்கு விளங்கியது. "எவனுக்கு மூணு? நில்லு அங்க, நகராத!"

இரண்டாவதை அவன் பிடித்தான். மூன்றாவதையும் பிடித்தான். ஐந்தாவது கம்பத்துக்கு வெளியே போனது. ஏழாவதில் அவள் விழுந்தாள். தூக்கிவிட வந்தவர்களைத் தள்ளிவிட்டு எழுந்தாள். வியர்வையும் மணலும் சிரிப்புமாக அவள் பதினோராவது தடவை ஓடிவந்தபோது கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள். கால் சரியான இடத்தில் பட்டது; கால் சொல்வதற்கு முன்பே அது அவள் வயிற்றுக்குத் தெரிந்தது. பந்து தரையைவிட்டு எழுந்தது. இருளப்பன் ஏமாற்றவில்லை, இருக்கிற நீளத்தையெல்லாம் நீட்டிப் பாய்ந்தான். அவன் விரல்களுக்கு ஒரு சாண் மேலே போய்ப் புது வலையின் மூலையில் அது மோதி, வலையை உப்பவைத்து இறங்கியது.

ஊருக்கு மூச்சு திரும்புவதற்கு முன்னால், மணலில் கவிழ்ந்து கிடந்த கோலிதான் இரண்டு கையையும் தூக்கி முதலில் கத்தினான்.

"கோல்!"